ஒரு நீரிணையும் இரண்டு மரணக் கணக்குகளும்

ஐரோப்பாவின் வடபகுதியில் டென்மார்க்கையும் ஸ்வீடனையும் பிரித்து நிற்பது ஓரெசுண்ட் என்னும் குறுகிய நீரிணை. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்துக்கு நிலைக்களனாகிய குரோன்போர்க் கோட்டை இதன் டேனியக் கரையில் உள்ளது. அக்கோட்டையின் மதில்மேல் நின்று நோக்கினால் எதிர்க்கரையிலுள்ள ஸ்வீடன் நாட்டு நகரின் வீடுகளும் கோபுரங்களும் தெளிவாகத் தெரியும். இடைத்தூரம் ஏறத்தாழ 4 கிலோமீட்டர்தான். இக்கரையார் பேசுவதை அக்கரையார் ஓரளவு புரிந்து கொள்வர். இரு சாராரும் லுத்தரன் திருச்சபையின் வழி வந்தவர்கள். குளிரும் ஒன்று, வயலில் விளையும் பார்லியும் உருளைக்கிழங்கும் ஒன்று, அவற்றிலிருந்து வடித்த சாராயமும் நெடுங்காலம் ஒன்றாகவே இருந்தது. எனினும், குடியால் இறந்தோரின் கணக்கை எடுத்துப் பார்த்தால், கடந்த நூறாண்டுக்கு மேலாக இவ்விரு நாடுகளும் வேறு வேறு வழியில் நடந்திருக்கின்றன. எந்த ஆண்டில் எந்த நாடு எவ்வழியில் திரும்பியது, திரும்பியபோது என்ன நேர்ந்தது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

அன்பர்களே, முதலில் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். குடித்து இறந்தவன் குடித்துத்தான் இறந்தான் என்று எந்த வீட்டாரும் எளிதில் சொல்லிவிட மாட்டார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் உழைத்தவன் நான். மாணவர் சேர்க்கைப் பதிவேட்டில் தந்தையின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்ற சொல்லை என் கையாலேயே பலமுறை எழுதியிருக்கிறேன். முப்பத்தைந்து வயதில், நாற்பது வயதில் மறைந்தவர்கள் அவர்கள். காரணம் வினவினால், உடன் வந்த பாட்டனார் 'நெஞ்சுவலி' என்பார். பையன் ஒன்றும் பேசாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அந்தப் பார்வைக்குப் பதிவேட்டில் இடமில்லை. ஆகவே எந்த நாட்டின் மரணப் பதிவேட்டையும் சற்று எச்சரிக்கையுடனேயே படித்தல் வேண்டும்.

இத்துறையில் அறிஞர்கள் நம்பி எடுத்துக்கொள்ளும் அளவுகோல் ஈரல் இறுகும் நோய். நெடுநாள் குடியினால் கல்லீரல் சுருங்கி இறுகிப்போகும் இந்நோய் முற்றுவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். ஆதலால், இன்று ஒரு நாட்டில் குடி குறைந்தாலும் பத்துப் பதினைந்து ஆண்டு கழிந்த பின்னரே மரணக் கணக்கு குறையும் என்று நாம் எண்ணக்கூடும். உண்மை அவ்வாறில்லை. எந்த ஆண்டை எடுத்தாலும், நோய் பெரும்பாலும் முற்றி, இன்னும் சிறிது குடித்தால் இறக்கும் நிலையில் பலர் இருப்பர். குடி குறைந்த உடனே இவர்களுள் ஒரு பகுதியினர் பிழைத்துக்கொள்வர். குடி கூடினால் இவர்களே முதலில் வீழ்வர். மரணக் கணக்கு சட்டத்துக்கும் விலைக்கும் ஓரிரு ஆண்டுகளிலேயே மறுமொழி சொல்லிவிடுவது இதனால்தான். பின்வரும் வரலாறு முழுமைக்கும் இதுவே திறவுகோல்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஸ்வீடன் ஒரு சாராயக் கடலாக இருந்தது எனினும் மிகையாகாது. உழவர் தம் வீட்டிலேயே சாராயம் காய்ச்சிக்கொள்ள உரிமை பெற்றிருந்தனர். 1829-ஆம் ஆண்டுக் கணக்கின்படி அந்நாட்டிலிருந்த காய்ச்சு பானைகள் ஒன்றரை இலட்சத்துக்கு மேல். குடியானவர் வீட்டில் மாட்டுத் தொழுவம் எப்படியோ அப்படியே சாராயப் பானையும் வீட்டுடைமைகளுள் ஒன்றாயிற்று. நாள்பட்ட குடியை ஒரு நோயெனக் கண்டு, 'ஆல்கஹாலிசம்' என்று இன்று உலகம் வழங்கும் பெயரை 1849-இல் சூட்டியவர் மாக்னஸ் ஹுஸ் என்னும் ஸ்டாக்ஹோம் மருத்துவர். தம் மருத்துவமனைக் கட்டில்களில் நாள்தோறும் கண்ட காட்சிகளையே அவர் நூலாக எழுதினார். நோய்க்குப் பெயரிடும் பெருமை எந்நாட்டுக்கு வாய்க்கும்? நோயாளிகள் நிறைந்த நாட்டுக்குத்தானே! 1855-இல் வந்த சட்டம் வீட்டுக் காய்ச்சுதலுக்கு முடிவு கட்டத் தொடங்கியது. 1865-இல் கோட்டன்பர்க் நகரத்தார், சாராயக் கடைகளை இலாப நோக்கமற்ற ஒரு கழகத்திடம் ஒப்படைத்து, வரும் இலாபத்தை நகரப் பணிகளுக்குச் செலவிட்டனர். அம்முறை பிற நகரங்களுக்கும் பரவியது.

டென்மார்க்கில் இத்தகைய முயற்சிகள் மிகச் சிலவே. முதல் உலகப் போர் தொடங்கும்வரை அங்குச் சாராயம் மலிவு. அக்வாவிட் எனப்படும் அவர்களது தேசியச் சாராயம் ஒரு குப்பி ஏறத்தாழ 90 ஓரே. அதாவது ஒரு குரோனுக்கும் குறைவு. உழைப்பாளி காலை உணவோடு ஒரு மிடறு, நண்பகலில் ஒரு மிடறு, மாலையில் ஒரு மிடறு என்று பருகினான். அதைக் குடி என்றே அவன் கருதவில்லை.

பிறகு 1917-ஆம் ஆண்டு வந்தது. டென்மார்க் போரில் சேராத நாடுதான். ஆயினும் ஜெர்மனியின் நீர்மூழ்கிக் கப்பல்களும் நேச நாடுகளின் முற்றுகையும் சேர்ந்து, வெளிநாட்டிலிருந்து தானியமும் கால்நடைத் தீவனமும் வரும் வழியை அடைத்துவிட்டன. இருக்கும் பார்லியையும் உருளைக்கிழங்கையும் யாருக்குக் கொடுப்பது? பன்றிக்கா, சாராய ஆலைக்கா, மனிதனுக்கா? இக்கேள்விக்கு அரசுக்கு ஆலோசனை கூறியவர்களுள் முதன்மையானவர் மிக்கெல் ஹின்டெடே என்னும் உணவியல் மருத்துவர். பன்றிகளைக் குறைத்து, ஆலைகளை அடக்கி, தானியத்தை மக்களுக்கே ரொட்டியாகக் கொடுக்க வேண்டும் என்றார் அவர். அவ்வாறே நடந்தது. சாராயத்தின் மீது இதுவரை எவரும் கேட்டிராத வரி விதிக்கப்பட்டது. 90 ஓரேக்கு விற்ற குப்பியின் விலை ஏறத்தாழ 11 குரோன் ஆயிற்று. பன்னிரண்டு மடங்கு!

விளைவைப் பாருங்கள். இரண்டே ஆண்டுகளில் டேனியர் அருந்திய மதுவின் மொத்த அளவு நான்கில் மூன்று பங்கு குறைந்தது. குடியர்க்கு வரும் நடுக்கச் சன்னி பதின்மூன்றில் ஒரு பங்காக இறங்கியது. நாள்பட்ட குடியினால் நேர்ந்த மரணங்கள் ஆறில் ஒரு பங்காயின. மதுவினால் நேரும் சாவைப் பற்றி எழுதப்பட்ட வரலாற்றில் இவ்வளவு விரைவான இறக்கம் அரிது. இதற்குக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டியவர் எவரும் இல்லை. குடியை ஒழிக்கும் நோக்கம் அச்சட்டத்துக்கு முதன்மையாக இருக்கவுமில்லை. தானியத்தைக் காப்பதும் கருவூலத்தை நிரப்புவதுமே நோக்கம். போர் முடிந்தது, கப்பல்கள் வந்தன, தானியமும் வந்தது. வரி மட்டும் போகவில்லை. வரியை விட்டுக்கொடுக்க எந்த நிதியமைச்சருக்குத்தான் மனம் வரும்? டேனியர் மெல்லப் பீர் பக்கம் திரும்பினர். சாராய நாடு பீர் நாடாயிற்று.

ஹின்டெடே 1920-இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில், போர்க்காலத்தில் டேனியத் தலைநகரில் இறப்பு விகிதமே குறைந்தது என்று எழுதினார். தவிட்டு ரொட்டிக்கே அவர் பெரும்புகழ் கொடுத்தார். சாராயம் குறைந்ததால் எத்தனை பேர் பிழைத்தனர், ரொட்டியால் எத்தனை பேர் பிழைத்தனர் என்பதை அவருடைய எண்களைக் கொண்டு மட்டும் பிரித்துச் சொல்ல இயலாது. தம் மருந்தின்மேல் தாமே காதல் கொள்வது மருத்துவர்க்கு இயல்பு. ஆசிரியர்களுக்கும் அக்குணம் உண்டு.

இக்காலத்தே எதிர்க்கரையில் என்ன நடந்தது? ஸ்வீடனில் ஈவான் பிராட் என்னும் மருத்துவர், முழு மதுவிலக்கும் வேண்டாம், கட்டற்ற விற்பனையும் வேண்டாம் என்று ஒரு நடுவழி கண்டார். ஒவ்வொருவருக்கும் ஒரு புத்தகம். 'மூட்பூக்' என்று அதற்குப் பெயர். நம் குடும்ப அட்டையை நினைத்துக் கொள்ளுங்கள். சாராயம் வாங்கும் ஒவ்வொரு முறையும் அதில் பதிவாகும். ஸ்டாக்ஹோமில் 1914-இல் தொடங்கி, சில ஆண்டுகளில் நாடெங்கும் பரவிய இம்முறையில், மாதத்துக்கு 4 லிட்டருக்கு மேல் எவருக்கும் இல்லை; பின்னர் அது 3 லிட்டராயிற்று. ஆனால் அந்த உச்ச அளவு எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. விண்ணப்பித்தவனின் வருமானம் என்ன, வரி கட்டினானா, குடித்துவிட்டுக் கலகம் செய்தவனா என்றெல்லாம் விசாரித்த பின்னரே அவனுடைய பங்கு முடிவாயிற்று. மணமான பெண்ணுக்குப் புத்தகமே இல்லை. கணவனுடைய புத்தகம் போதும் என்று அதிகாரிகள் கருதினர். தனித்து வாழும் பெண்ணுக்குக் கிடைத்தது மிகச் சொற்பம். நீதி என்று இதனைச் சொல்ல என் மனம் துணியவில்லை. ஆனால் பெருங்குடியனின் கையை அது பிடித்து நிறுத்தியது என்பதை மறுப்பதற்குமில்லை.

1922 ஆகஸ்ட் 27-ஆம் நாள் முழு மதுவிலக்கு வேண்டுமா என்று ஸ்வீடன் மக்களிடம் வாக்குக் கேட்கப்பட்டது. ஆல்பர்ட் எங்ஸ்ட்ரோம் என்னும் ஓவியர், சாராயம் இல்லாவிடில் நண்டு விருந்து ஏது என்ற பொருளில் தீட்டிய சுவரொட்டி நாடெங்கும் ஒட்டப்பட்டது. நூற்றுக்கு 51 பேர் வேண்டாம் என்றனர்; 49 பேர் வேண்டும் என்றனர். அன்று ஆண்களின் வாக்கும் பெண்களின் வாக்கும் தனித்தனியே எண்ணப்பட்டன. ஆண்களில் பத்தில் ஏறத்தாழ ஆறு பேர் மதுவிலக்கை மறுத்தனர். பெண்களில் பத்தில் ஏறத்தாழ ஆறு பேர் அதை வேண்டினர். ஒரே வீட்டில் வாழ்ந்து, ஒரே உலையில் சமைத்து உண்டவர்கள்தாம் இவர்கள். மரணக் கணக்கில் ஆண்களின் பெயர்களே மிகுதி; அதன் பின்விளைவைச் சுமந்தவர்கள் யார் என்பதை இந்த வாக்குக் கணக்கு காட்டுகிறது.

கிழக்கே உள்ள பின்லாந்து முழு மதுவிலக்கையே தேர்ந்தது. 1919 ஜூன் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. பால்டிக் கடல் வழியே கள்ளச் சாராயம் படகு படகாக வந்து இறங்கியது. காவலரால் தாங்க முடியவில்லை. 1931 இறுதியில் நடந்த வாக்கெடுப்பில் நூற்றுக்கு 70 பேர் விலக்கை நீக்கச் சொன்னார்கள். 1932-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் காலை 10 மணிக்குக் கடைகள் திறந்தன. நாள், மாதம், ஆண்டு, மணி ஆகியவற்றை வரிசையாக எழுதினால் 5, 4, 3, 2, 1, 0 என்று வரும். பின்லாந்துச் சிறுவர்கள் இந்த ஒரு நாளையேனும் வரலாற்றுத் தேர்வில் தவறவிட வாய்ப்பில்லை.

இதில் நாம் கவனிக்க வேண்டிய விந்தை ஒன்று உண்டு. 1950-களிலும் 1960-களிலும் பின்லாந்து மக்கள் டேனியரைவிடக் குறைவாகவே குடித்தனர். ஆயினும் ஒரே மூச்சில் மிதமிஞ்சிக் குடித்து, மது நஞ்சாகி இறந்தவர்கள் பின்லாந்தில் மிகுதி, டென்மார்க்கில் குறைவு. டேனியன் நாள்தோறும் உணவோடு பருகினான். பின்லாந்தினன் சனிக்கிழமை மாலை ஒரு குப்பியைத் திறந்தால் அதன் அடியைக் கண்ட பின்னரே எழுந்தான். முன்னவனுக்கு ஈரல், பின்னவனுக்கு நஞ்சும் பனியில் விழுந்து கிடந்து விறைத்தலும். இன்னொன்றும் உண்டு. பின்லாந்தில் ஐயத்துக்கிடமான சாவு நேர்ந்தால் உடலைப் பரிசோதித்து இரத்தத்தில் மது உள்ளதா என்று பார்ப்பது வழக்கம். டென்மார்க்கில் அவ்வளவு பரிசோதனை இல்லை. தேடுபவனுக்குக் கிடைக்கிறது, தேடாதவனுக்கு 'நெஞ்சுவலி' என்ற சொல்லே கிடைக்கிறது. எனவே வேற்றுமை முழுவதையும் குடிக்கும் முறையின் தலையில் ஏற்றிவிடலாகாது.

ஸ்வீடனுக்குத் திரும்புவோம். நாற்பது ஆண்டு காலம் மூட்பூக்கோடு வாழ்ந்த மக்கள் அதனை வெறுக்கத் தொடங்கினர். 1955 அக்டோபர் முதல் நாள் அது ஒழிக்கப்பட்டது. மக்கள் பண்பட்டுவிட்டார்கள், அறிவுரையே போதும் என்று அரசியலார் நம்பினர். அடுத்த மாதங்களிலேயே நடுக்கச் சன்னியோடு மருத்துவமனைக்கு வந்தவர்களின் தொகை கடுமையாக உயர்ந்தது. அரசு திகைத்து, 1956-லும் 1957-லும் விலையை ஏற்றியது. பிற்காலத்தில் இந்நிகழ்ச்சியை ஆராய்ந்தவர்கள் சொல்வது சிந்திக்கத் தக்கது: மொத்தக் குடி பெரிதாக மாறாவிட்டாலும், அளவாகக் குடித்தவன் உயர்ந்த விலை கண்டு குறைத்துக்கொண்டான், புத்தகத்தால் கட்டுண்டிருந்த பெருங்குடியனோ கட்டவிழ்ந்து மிகுதியாகக் குடித்தான். ஈரல் நோய்ச் சாவுகள் பெருகியது இரண்டாமவனால்தான்.

இடையே ஒரு சிறு செய்தி. சேலம் மாவட்டத்தில் இராஜாஜியின் ஆட்சி மதுவிலக்கைத் தொடங்கியது 1937 அக்டோபர் முதல் நாள். ஸ்வீடன் தன் புத்தகத்தைக் கிழித்ததும் அக்டோபர் முதல் நாளில். டென்மார்க் 2003-இல் சாராய வரியைக் குறைத்ததும் அதே நாளில். மதுவுக்கும் அந்த நாளுக்கும் என்ன உறவோ!

1960-களிலிருந்து டென்மார்க்கின் கதை மாறுகிறது. மக்களின் வருமானம் உயர்ந்தது. விலை அதற்கேற்ப உயரவில்லை. பீரும், பின்னர் திராட்சை மதுவும் வீட்டின் அன்றாடப் பொருள்களாயின. 1980-களில் ஒரு டேனியன் அருந்திய மது ஸ்வீடன்காரன் அருந்தியதைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல். ஸ்வீடனிலோ தனி அரசுக் கடை, உயர்ந்த விலை, இருபது வயது வரம்பு ஆகிய மூன்றும் நிலைத்திருந்தன. 1917-இல் பெற்ற செல்வத்தை டென்மார்க் சிறுகச் சிறுகச் செலவழித்துவிட்டது. 1950-களில் நீண்ட ஆயுளில் உலகின் முன்வரிசையில் நின்ற நாடு அது. 1980-களிலும் 1990-களின் முற்பகுதியிலும் ஆயுள் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றது. எதிர்க்கரையார் முன்னேறிச் சென்றனர். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இரு நாட்டாருக்கும் இடையே ஏறத்தாழ மூன்றாண்டு ஆயுள் வேறுபாடு. இதில் பெரும்பகுதி புகையிலையாலும் மதுவாலும் விளைந்தது என்று டேனிய அறிஞர்களே கணக்கிட்டுக் காட்டினர். பெண்களின் வகையில் புகையிலைக்குப் பங்கு மிகுதி என்பதையும் சொல்லிவிட வேண்டும். மதுவின் மீதே முழுப்பழியையும் சுமத்துவது கணக்குக்குப் பொருந்தாது.

பின்லாந்து 1969-இல் நடுத்தரப் பீரை மளிகைக் கடைகளில் விற்க அனுமதித்தது. மக்கள் கடுஞ்சாராயத்தை விட்டு இலேசான பீருக்கு மாறுவார்கள் என்பது எதிர்பார்ப்பு. அவர்கள் சாராயத்தை விடவில்லை, பீரையும் சேர்த்துக்கொண்டார்கள். ஓராண்டில் நாட்டின் குடி நூற்றுக்கு 46 வீதம் ஏறியது. 1974-க்குள் அது 1968-இன் அளவைப்போல் இரு மடங்குக்கும் மேலாயிற்று.

பின்னர் 2004 வந்தது. கடலுக்கு அப்பால், ஏறத்தாழ 80 கிலோமீட்டரில் உள்ள எஸ்தோனியா அவ்வாண்டு மே முதல் நாள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரவிருந்தது. அங்குச் சாராயம் மலிவு. ஒன்றியத்துக்குள் பயணிகள் தம் தேவைக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொண்டு வரலாம். கடலூர் மக்களுக்கும் விழுப்புரம் மக்களுக்கும் இந்நிலையை நான் விளக்க வேண்டியதில்லை. புதுச்சேரி எல்லை எங்கே என்று அவர்கள் அறிவார்கள். பணம் முழுவதும் கப்பலேறிப் போய்விடுமே என்றஞ்சிய பின்லாந்து அரசு, மார்ச் முதல் நாளே தன் மதுவரியைச் சராசரி மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. அவ்வாண்டு குடி நூற்றுக்குப் பத்து வீதம் உயர்ந்தது. மதுவினால் வந்த ஈரல் நோயில் இறந்தவர்கள், 2001 முதல் 2003 வரையுள்ள காலத்தைவிட 2004 முதல் 2006 வரையுள்ள காலத்தில் நூற்றுக்கு 46 வீதம் மிகுந்தனர். அந்த மிகுதி யார் வீட்டில் நிகழ்ந்தது? வேலை இழந்தவர், உடல்நலம் குன்றி முன்கூட்டியே ஓய்வூதியத்தில் தங்கியவர், குறைந்த வருமானத்தினர் ஆகியோர் வீடுகளில். விலை குறைந்தது எல்லோருக்குந்தான்; விலை கொடுத்தவர்கள் இவர்கள்.

இதே வேளையில் டென்மார்க் சாராய வரியை ஏறத்தாழ பாதி குறைத்திருந்தது. ஓரெசுண்ட் மீது 2000-ஆம் ஆண்டு ஜூலையில் பாலமும் திறக்கப்பட்டிருந்தது. தென் ஸ்வீடன் மக்கள் வண்டி வண்டியாக மதுவை ஏற்றிச் செல்வார்கள், சாவு பெருகும் என்று அறிஞர் பலர் முன்கூட்டியே எழுதினர். தென் ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் அவ்வாறான தெளிவான பெருக்கம் எதுவும் காணப்படவில்லை. டேனியர் குடியில் சாராயத்தின் பங்கு ஏற்கெனவே சிறிது. தென் ஸ்வீடனாரோ பல்லாண்டுகளாகவே நீரிணையைக் கடந்து வாங்கிப் பழகியவர்கள். பின்லாந்தில் அடித்த அதே கோல் இங்கே அடிக்கவில்லை. எண்களை வைத்து ஆரூடம் சொல்பவர்கள் இதையும் நினைவில் கொள்வது நல்லது.

2008 முதல் பின்லாந்து தன் வரியை மீண்டும் படிப்படியாக உயர்த்தியது. அந்நாட்டின் மதுச் சாவுகள் 2007-ஐ ஒட்டி உச்சத்தை எட்டி, அடுத்த பத்தாண்டில் இறங்கின.

டென்மார்க் செய்தது வேறு. 1998-ஆம் ஆண்டு வரை அந்நாட்டில் கடைக்குச் சென்று மது வாங்கச் சிறுவர்க்கு வயது வரம்பே இருந்ததில்லை. இதைப் படித்தபோது, தலைமையாசிரியனாய் இருந்த நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் அமர்ந்திருந்தேன். 1998-இல் 15 வயது என்று வரையறுத்தார்கள். 2004-இல் அதை 16 ஆக்கினார்கள். நீரிணைக்கு அப்பால், குரோன்போர்க் மதிலிலிருந்து தெரியும் அந்த நகரத்தில், அரசுக் கடையின் வாயிலில் இளைஞன் ஒருவன் தனக்கு 20 வயது நிரம்பியது என்பதற்குச் சான்று காட்டிக்கொண்டிருக்கிறான்.